வீட்டு முதலீடுகளைக் குனுகேஷில் அடுக்குவதும் வடிகட்டுவதும்: புதிதாகத் தொடங்குவோருக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் குடும்பத்தின் சேமிப்பு தமிழ்நாட்டு எல்லைக்கு இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கிறது. அப்பாவின் மூத்த குடிமக்கள் சேமிப்பு சித்தூர் தபால் ஆபீசில். அம்மாவின் டெபாசிட்டுகள் பொள்ளாச்சியில், அவர் பிறந்த வீட்டுப் பக்கத்து வங்கியில். என் பெயரில் கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் ஒரு சிட்டி (ஏலச்சீட்டு), கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் டெபாசிட் ஒன்று முதிர்ந்து ஏழு மாதம் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. முதிர்ந்த டெபாசிட்டை எடுக்காமல் விட்டால், சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது பழைய ஒப்பந்த வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி இது. அந்த வருத்தத்தில்தான் எல்லாவற்றையும் குனுகேஷ் (GnuCash) என்ற கணக்கு எழுதும் மென்பொருளில் ஏற்றினேன். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

முதலில் கிளை பிரிப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் ‘டெபாசிட்’, ‘ஃபண்ட்’, ‘தபால்’ என்று வகை வகையாகக் கிளை பிரிப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், பிறகு மொத்தமாக மாற்றினேன். காரணம், கணக்குப் பட்டியலில் இருக்கும் வடிகட்டிக்கு வகை மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. ஆனால் வருமான வரியும் பான் எண்ணும் நாமினியும் ஆளுக்கு ஆள் தனித்தனி. அதனால் ஆளைக் கிளையாக வையுங்கள். வகையை வடிகட்டி பார்த்துக்கொள்ளும்.

‘அசெட்ஸ்’ கணக்கின் கீழ் அப்பா, அம்மா, நான் என்று மூன்று கணக்குகள் திறந்தேன். மூன்றுக்கும் வகை ‘அசெட்’. மூன்றிலும் ‘பிளேஸ்ஹோல்டர்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். டிக் இருந்தால் அந்தத் தாய்க் கணக்கில் தவறிக்கூடப் பதிவு விழாது, பிள்ளைக் கணக்குகளில் மட்டும்தான் எழுத முடியும்.

வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

வடிகட்டி நன்றாக வேலை செய்வதும் சொதப்புவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது. சேமிப்புக் கணக்குக்கு ‘பேங்க்’ வகை கொடுங்கள். டெபாசிட், தபால் திட்டம், சிட்டி மூன்றும் ‘அசெட்’ வகையில் வரட்டும். வங்கியில் இருக்கிறது என்பதற்காக டெபாசிட்டையும் ‘பேங்க்’ என்று போட்டுவிட்டால், பிறகு வடிகட்டியில் இரண்டையும் பிரிக்க வழியிருக்காது.

மியூச்சுவல் ஃபண்டுக்கு அதே பெயரில் தனி வகை இருக்கிறது. ஃபண்டை முதலில் ‘செக்யூரிட்டி’யாக, அதாவது யூனிட் கணக்கில் வாங்கி விற்கும் முதலீடாக, பதிய வேண்டும். அப்போது யூனிட்டின் பின்னத்தைக் கேட்கும். உங்கள் ஸ்டேட்மெண்டில் யூனிட் மூன்று தசமத்தில் இருந்தால் 1/1000 என்று கொடுங்கள், நான்கு தசமமென்றால் 1/10000. அதைக் கவனிக்காமல் விட்டால் யூனிட் எண்ணிக்கை ஸ்டேட்மெண்டோடு என்றைக்கும் ஒத்துப்போகாது.

சிட்டியை எப்படி எழுதுவது

பாலக்காடு பக்கத்துத் தமிழர் வீடுகளில் சிட்டி இல்லாத வீடு குறைவு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிட்டித் தொகை 1,00,000 ரூபாய், 20 பேர், மாதம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் ஒருவர் 25,000 தள்ளி, அதாவது 75,000 கிடைத்தால் போதும் என்று ஏலம் எடுக்கிறார். தள்ளிய அந்த 25,000-இல் நிறுவனத்தின் கமிஷன், சிட்டித் தொகையில் 5 சதவீதம், அதாவது 5,000 போக மிச்சம் 20,000. இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,000. அடுத்த தவணைக்கு நீங்கள் 4,000 கட்டினால் போதும்.

கையிலிருந்து போனது 4,000 தானே என்று அதை மட்டும் எழுதாதீர்கள். ஒரே பதிவை மூன்றாகப் பிரியுங்கள்: சிட்டிக் கணக்கில் 5,000 ஏறும், வங்கியில் 4,000 குறையும், ‘சிட்டி டிவிடெண்ட்’ என்ற வருமானக் கணக்கில் 1,000.

எட்டுத் தவணை கட்டியபின் நீங்களே 25,000 தள்ளி எடுக்கிறீர்கள் என்றால், வங்கியில் 75,000 வரும், தள்ளிய 25,000 செலவுக் கணக்கில் போகும், சிட்டிக் கணக்கில் 1,00,000 குறையும். அதுவரை 40,000 இருந்த கணக்கு இப்போது மைனஸ் 60,000 காட்டும். பயப்பட வேண்டாம், அதுதான் சரி. மீதி 12 தவணை, தவணைக்கு 5,000. நீங்கள் கட்ட வேண்டிய கடன் அது. கடைசித் தவணையில் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும்.

வடிகட்டுவது

கணக்குப் பட்டியலைத் திறந்து, ‘வியூ’ மெனுவில் ‘ஃபில்டர் பை’ என்பதைச் சொடுக்குங்கள். ‘அக்கவுண்ட் டைப்’ பகுதியில் ‘அசெட்’, ‘மியூச்சுவல் ஃபண்ட்’, பங்கு இருந்தால் ‘ஸ்டாக்’, இவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள். முதலீடுகள் மட்டும் ஆள்வாரியாக நிற்கும். ஃபண்டை மட்டும் பார்க்க வேண்டுமென்றாலும் ‘அசெட்’ டிக்கை எடுக்காதீர்கள். தாய்க் கணக்கு மறைந்தால் கூடவே பிள்ளைகளும் மறைந்துவிடும்.

இன்னொன்று: வடிகட்டி கண்ணுக்குத்தான் மறைக்கும், கூட்டலில் கழிக்காது. அம்மாவின் பெயருக்கு நேரே தெரியும் மொத்தத்தில் மறைந்திருக்கும் சேமிப்புக் கணக்கும் சேர்ந்தே இருக்கும். நிரலை மூடித் திறந்தாலும் வடிகட்டி அப்படியே இருக்கும். அதனால் ஒரு கணக்கைக் காணோம் என்றால் புதிதாகத் திறக்கும் முன் இங்கே வந்து பாருங்கள்.

முதிர்வுத் தேதிக்கு ஒரு வழி

ஒவ்வொரு கணக்கின் திருத்தப் பெட்டியிலும் ‘அக்கவுண்ட் கோட்’ என்று ஒரு கட்டம் உண்டு. முதிரும் வருடத்தையும் மாதத்தையும் அதில் 2027-03 என்கிற மாதிரி எழுதுங்கள். வருடம் முன்னால் வர வேண்டும். அப்புறம் பட்டியலின் தலைப்பு வரிசையில் வலது ஓரமுள்ள அம்புக்குறியைச் சொடுக்கி ‘அக்கவுண்ட் கோட்’ என்ற பத்தியை (காலம்) வரவழைத்து, அதன் தலைப்பைச் சொடுக்கினால் ஒவ்வொருவர் கிளையிலும் முதலில் முதிர்வது மேலே வரும். அம்மாவின் டெபாசிட்டைத் தவறவிட்ட எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் உதவுவது இதுதான். ‘நோட்ஸ்’ கட்டத்தில் நாமினி யார், ரசீது எந்த டிராயரில் இருக்கிறது என்றும் எழுதிவிடுகிறேன்.

முடிந்த கணக்குகள்

முதிர்ந்து பணம் வந்த டெபாசிட்டை அழிக்காதீர்கள். அந்த வருடத்து வட்டி வரிக்கணக்குக்கு வேண்டும். திருத்தப் பெட்டியில் ‘ஹிட்டன்’ டிக் போட்டால் பட்டியலிலிருந்து போய்விடும். மார்ச் 31 கழிந்து கணக்குப் பார்க்க உட்காரும்போது, வடிகட்டியின் ‘அதர்’ பகுதியில் மறைந்த கணக்குகளைக் காட்டு என்ற டிக்கைப் போடுங்கள், எல்லாம் திரும்ப வரும். அப்படியும் ஏதாவது கண்ணில் படவில்லை என்றால், பூஜ்ய இருப்புள்ள கணக்குகளைக் காட்டும் டிக்கும் அதே பகுதியில்தான் இருக்கிறது.