லண்டன் – ரோம்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

லண்டனிலிருந்து ரோம் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஒரு தளம் 1,430 கி.மீ. என்று சொல்லும், இன்னொன்று 1,800-க்கும் மேல் என்று சொல்லும். இரண்டும் சரிதான். முதலாவது வான்வழித் தூரம். மற்றது பிரான்சுக்குள் நுழைந்து, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, காரில் போகிற தூரம். நமக்கு வேண்டியது முதலாவது. அதைக் கைபேசி கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம்.

முதலில் அட்சரேகை. லண்டன் 51.5 வடக்கு, ரோம் 41.9 வடக்கு, வித்தியாசம் 9.6 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 1,066 கி.மீ. அது என்ன 111? வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை 10,000 கி.மீ. இருக்கும்படிதான் பிரெஞ்சுக்காரர்கள் மீட்டரையே வகுத்தார்கள். அதை 90 டிகிரியால் வகுத்துப் பாருங்கள், 111 வந்துவிடும்.

அடுத்து தீர்க்கரேகை. லண்டன் 0.1 மேற்கு, ரோம் 12.5 கிழக்கு. கிரீனிச் கோட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் இருப்பதால் இங்கே கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்: 12.6. ஆனால் வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும். அதனால் 111-ஓடு, இரு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகையான 47-இன் கொசைன் மதிப்பையும் (0.68) பெருக்க வேண்டும். கிடைப்பது சுமார் 950 கி.மீ. கால்குலேட்டர் மைனஸ் 0.99 என்று காட்டினால் பயப்படாதீர்கள். அது ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள்.

அப்புறம் பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். 1,066-இன் வர்க்கம், 950-இன் வர்க்கம், இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட 1,430. கூகுள் வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதியும் இதை ஒட்டியே காட்டும். லிஸ்பன் – ஹெல்சின்கி போன்ற நெடுந்தூரத்துக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி வேண்டாம். பூமி உருண்டை என்பதால் பிழை கூடிவிடும்.

இப்போது நேரம். நடுவானில் விமானம் மணிக்கு 800 முதல் 850 கி.மீ. வேகத்தில் போகும், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. நான் போடும் கணக்கு: 800-ஆல் வகுத்து, அரை மணி சேர்ப்பது. 1 மணி 47 நிமிடம், கூட அரை மணி, ஆக ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். டிக்கெட்டில் இரண்டரை மணி என்று இருக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போகிற நேரமும் அதில் சேர்த்தி.

விமான நிலையத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று பல உண்டு. ரோமில் ஃபியுமிசினோ, சியாம்பினோ என்று இரண்டு. ஃபியுமிசினோவிலிருந்து நகரத்தின் டெர்மினி நிலையத்துக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலிலேயே 32 நிமிடம் ஆகும்.

கடைசியாக, புதியவர்கள் ஏமாறும் இடம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ரோம் லண்டனைவிட 1 மணி முன்னால் இருக்கிறது. காலை 10-க்கு லண்டனில் கிளம்பினால் ரோமில் இறங்கும்போது மணி 1.30, மூன்றரை மணிப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது 10-க்குக் கிளம்பி 11.30-க்கு இறங்குவீர்கள், ஒன்றரை மணிதான் போலத் தோன்றும். போகும்போது 1 மணியைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். இரு நாடுகளும் கோடை நேரத்துக்கு ஒரே நாளில் மாறுவதால் ஆண்டு முழுக்க இதே கணக்குதான்.