உயிர்த்தெழுதல்: ஆதாரங்களை எடைபோடுவது எப்படி?

ஈஸ்டர் நெருங்கினால் போதும், உயிர்த்தெழுதலுக்கு அசைக்க முடியாத ஆதாரம் இருக்கிறது என்று ஒரு பக்கமும், எல்லாம் பிற்காலத்தில் கட்டிய கதை என்று இன்னொரு பக்கமும் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு நீங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால் எப்படிப் பார்ப்பது என்றுதான் எழுதுகிறேன். நான் விசுவாசி. அதனாலேயே ஓட்டை வாதங்களை வைத்து இதைத் தாங்கிப் பிடிப்பதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

முதலில் கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள். சீஷர்கள் இயேசுவை மறுபடி உயிரோடு கண்டதாக நம்பினார்களா, எவ்வளவு சீக்கிரத்தில் நம்பினார்கள் என்பது ஒன்று. ஏன் அப்படி நம்பினார்கள் என்பது வேறு. முதல் கேள்விக்குச் சரித்திரம் நன்றாகவே பதில் சொல்லும். சண்டையெல்லாம் இரண்டாவதில்தான்.

அப்புறம் தேதி வாரியாக அடுக்குங்கள். புதிய ஏற்பாட்டில் மத்தேயு முதலில் இருப்பதால் பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், ஆனால் எழுதப்பட்ட வரிசை அதுவல்ல. சிலுவை மரணம் கி.பி. 30 அல்லது 33. பவுல் கொரிந்தியருக்கு முதல் நிருபம் எழுதியது 53–55 வாக்கில். மாற்கு சுமார் 70, யோவான் 90-களில் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. ஆகவே 1 கொரிந்தியர் 15-ஐத் திறந்து 3 முதல் 8 வரையான வசனங்களை நிதானமாகப் படியுங்கள். தனக்கு ஒப்படைக்கப்பட்டதையே தான் ஒப்படைத்ததாகப் பவுல் சொல்லிவிட்டு, கேபா (பேதுருதான்), பன்னிருவர், 500-க்கும் மேற்பட்டவர்கள், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியில் தான் என்று வரிசையாகச் சொல்கிறார்.

இதற்குப் பக்கத்திலேயே கலாத்தியர் 1:18–19-ஐ வையுங்கள். மனம் மாறி மூன்று வருஷம் கழித்துப் பவுல் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்குகிறார், இயேசுவின் சகோதரன் யாக்கோபையும் பார்க்கிறார். சபையைத் துரத்தித் துரத்தி அடித்த ஒரு மனிதன் பேதுருவோடு இரண்டு வாரம் இருந்திருக்கிறான் என்றால் வேறு எதைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்? சிலுவை மரணம் நடந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. தலைமுறைகள் கடந்து மெல்ல மெல்ல வளர்ந்த புராணம் என்ற வாதம் இங்கே நிற்காது.

ஆனால் அதே பகுதியில் என்ன இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடக்கம்பண்ணப்பட்டார் என்கிறார் பவுல், வெறுமையான கல்லறை பற்றியோ பெண்கள் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அந்த 500 பேருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, எந்தச் சுவிசேஷத்திலும் அவர்கள் வருவதில்லை. "500 சாட்சிகளை எந்தக் கோர்ட்டும் ஏற்கும்" என்று பேசுவதை விட்டுவிடலாம், நம் கையில் இருப்பது அவர்களைப் பற்றிச் சொல்லும் ஒரே ஒருவர்தான்.

சரி, சுவிசேஷங்கள். ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு, கல்லறைக்குப் போனவர்கள் யார், அங்கே யாரைக் கண்டார்கள், இயேசு எங்கே தரிசனமானார் என்று எழுதுங்கள். மகதலேனா மரியாள் நான்கிலும் உண்டு, மற்றப் பெயர்கள் மாறும். மாற்கில் ஒரு வாலிபன், லூக்காவில் இரண்டு பேர். மத்தேயுவில் சீஷர்கள் அவரைக் காண்பது கலிலேயாவில், லூக்காவில் எருசலேமில். நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய கையெழுத்துப் பிரதிகளில், சினாய்ட்டிகஸிலும் வத்திக்கானஸிலும், மாற்கு 16:8-லேயே முடிந்துவிடுகிறது: பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், அவ்வளவுதான். இந்த வித்தியாசங்களை மறைக்க வேண்டாம், பூதாகரமாக்கவும் வேண்டாம். வாரத்தின் முதல் நாள் விடியலில் பெண்கள் போனார்கள், உடலைக் காணவில்லை என்ற கரு நான்கிலும் அப்படியே இருக்கிறது. பெண்கள் சாட்சிக்கு அந்தக் காலத்தில் மதிப்புக் குறைவு, இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய கெல்சஸ் இதை வைத்தே கேலி செய்தார், ஆகவே இட்டுக்கட்டியவர்கள் பெண்களை வைத்திருக்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கு நான் ஓரளவு எடை கொடுப்பேன். முழு எடை கொடுக்க மாட்டேன், ஏனென்றால் இறந்தவருக்குச் சுகந்தவர்க்கம் கொண்டுபோவது பெண்களின் வேலை என்பதால் கதையில் அவர்கள் வருவது இயல்புதானே.

சிலுவையில் செத்தவனுக்குக் கல்லறையே கிடைத்திருக்காது என்று யாராவது சொன்னால், 1968-இல் எருசலேமில் கிடைத்த, சிலுவையில் அறையப்பட்ட யெஹோஹனான் என்பவரின் குதிகால் எலும்பைக் காட்டுங்கள். 11 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமான இரும்பு ஆணி, நுனி வளைந்து, எலும்பிலேயே சிக்கியபடி, குடும்பத்தார் எலும்பு வைக்கும் கல்பெட்டிக்குள் இருந்தது. சிலருக்காவது முறையான அடக்கம் கிடைத்தது என்பதற்கு அது சான்று. இயேசுவின் கல்லறை காலியாக இருந்தது என்பதற்கு அது சான்றாகாது. ரோமச் சரித்திரக்காரர் டாசிட்டஸும் அப்படித்தான், இயேசு பிலாத்துவின் கீழ் கொல்லப்பட்டதைச் சொல்கிறார், அதோடு சரி.

"அப்போஸ்தலர் எல்லாரும் இதற்காகச் செத்தார்கள்" என்பதையும் தனித்தனியாகப் பாருங்கள். செபெதேயுவின் மகன் யாக்கோபு, பேதுரு, இயேசுவின் சகோதரன் யாக்கோபு, இவர்களுக்கு முதல் நூற்றாண்டு எழுத்துகளிலேயே ஆதாரம் உண்டு. நம் மயிலாப்பூர் தோமாவைப் பற்றி எனக்குப் பிரியம் அதிகம், ஆனாலும் அவருடைய சாவைச் சொல்லும் மிகப் பழைய நூலே மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதிலும் மயிலாப்பூர் பெயர் இல்லை.

கடைசியாக, எந்த விளக்கம் எத்தனை தகவலைத் தாங்குகிறது என்று பாருங்கள். துக்கத்தில் இருப்பவர்கள் இறந்தவரைக் காண்பதுண்டு, அது பேதுருவுக்குப் பொருந்தலாம். பவுலுக்கு என்ன துக்கம்? இயக்கம் அழியாமல் நின்றதே அற்புதம் என்பதும் போதாது, யூதர்கள் பலர் மேசியா என்று கொண்டாடிய சபத்தாய் செவி 1666-இல் இஸ்லாத்துக்கு மாறிய பிறகும் அவரை மேசியா என்று நம்பியவர்கள் இருந்தார்கள்.

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இயேசுவின் சகோதரன் யாக்கோபிடம். இயேசுவுக்கு மதிமயங்கிவிட்டது என்று அவருடைய சொந்தக்காரர்களே பிடித்துப்போக வந்ததை மாற்கு 3:21 சொல்கிறது, சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்கிறது யோவான் 7:5. சபைக்குச் சங்கடமான இந்தத் தகவலை யாரும் சும்மா சேர்த்திருக்க மாட்டார்கள். அந்தத் தம்பிதான் பிறகு எருசலேம் சபையின் தலைவராகி, 62-இல் கல்லெறியுண்டு சாகிறார், அதை எழுதியது கிறிஸ்தவரல்லாத யூதச் சரித்திரக்காரர் ஜோசபஸ். நடுவில் என்ன நடந்தது? பவுல் தருவது அரை வரி, யாக்கோபுக்கும் தரிசனமானார் என்று. அதைச் சொன்னவர் யாக்கோபை நேரில் பார்த்தவர்.