நெய் டப்பாவும் நாலு சதவீதமும்: பிரெக்சிட் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் ஹீத்ரோ பக்கம் சரக்கு அனுப்பும் ஒரு சின்ன ஆபீஸில் எனக்கு வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எச்எஸ் கோடு (பொருளின் சுங்க வகை எண்), இதுதான் நாள் முழுக்க. ஊருக்குப் போனால் ஆளாளுக்கு "பிரெக்சிட்டால இங்கிலாந்து திவாலாயிடுச்சாமே?" என்று ஆரம்பிப்பார்கள். இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவர் நேர் எதிர். "என்ன ஆச்சு இப்போ? கடையில எல்லாம் கிடைக்குதே" என்பார். பிரெக்சிட், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது, செய்த வேலையில் பாதி காகிதங்களுக்குள் இருக்கிறது, அதைக் கடை அலமாரியிலும் டிவி தலைப்புச் செய்தியிலும் தேடுவதால்தான் இரண்டு பேருக்குமே தப்பான விடை வருகிறது. அடிக்கடி காதில் விழும் சில தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

தேதியிலேயே முதல் குழப்பம். வாக்கெடுப்பு நடந்தது 2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியது 2020 ஜனவரி 31. அன்றைக்கும் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறும் டோவர் துறைமுகத்தில் ஒன்றும் மாறவில்லை, அந்த வருடம் முழுக்கப் பழைய விதிகளே ஓடின. வியாபாரத்துக்கு உண்மையான பிரெக்சிட் 2021 ஜனவரி 1 அன்றுதான். 2016இல் முடிவு வந்த ராத்திரியே பவுண்ட் 1.50 டாலரிலிருந்து 1.32 வரைக்கும் சரிந்து, இறக்குமதிச் சாமான்கள் விலை ஏறின, ஆனால் அது சந்தையின் பயம், எந்த விதியும் அப்போது மாறவில்லை. வெளியேற வாக்களித்தாலே பொருளாதாரம் உடனே மந்தமாகிவிடும் என்று பிரிட்டிஷ் நிதியமைச்சகம் அப்போது சொன்னது, அப்படி நடக்கவில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற கணிப்பு எல்லாமே புளுகு என்பவர்கள் உண்டு. சித்திரையில் மழை என்றார்கள், பெய்யவில்லை, அதனால் ஐப்பசியிலும் குடை வேண்டாம் என்கிற கணக்கு.

தடுப்பூசிக் கதையும் தேதியில்தான் உடைகிறது. பிரெக்சிட் ஆனதால்தான் கொரோனா தடுப்பூசிக்குப் பிரிட்டன் முந்திக்கொண்டு அனுமதி தர முடிந்தது என்பார்கள். அனுமதி தந்த நாள் 2020 டிசம்பர் 2. அன்றைக்குப் பிரிட்டன் ஒன்றியத்தின் மருந்து விதிகளுக்குள்ளேதான் இருந்தது. அவசரத்துக்கு ஒரு நாடு தானே தற்காலிக அனுமதி தரலாம் என்று அந்த விதிகளிலேயே இடம் உண்டு, பிரிட்டன் அதைப் பயன்படுத்தியது, மற்றவர்கள் சேர்ந்து போகலாம் என்று காத்திருந்தார்கள்.

அடுத்தது எனக்குச் சோறு போடும் தவறு. "அதான் வரியில்லா ஒப்பந்தம் போட்டுட்டாங்களே, அப்புறம் என்ன?" 2020 டிசம்பர் 24 அன்று முடிவான ஒப்பந்தத்தில் சுங்கவரி பூஜ்யம், கோட்டா (அளவுக் கட்டுப்பாடு) கிடையாது, எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பூஜ்யம் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவான பொருளுக்கு மட்டும்தான்.

எங்களிடம் வரும் ஒரு மொத்த வியாபாரி. திருப்பூரிலிருந்து கன்டெய்னரில் டீ-சர்ட் வரவழைத்து, பீலிக்ஸ்டோவ் துறைமுகத்தில் வரி கட்டி எடுத்து, லண்டன் கிடங்கில் வைத்து, அங்கிருந்து டப்ளினுக்கும் பாரிஸுக்கும் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டிருந்தார். 2020 வரை அதற்கு ஒரு டெலிவரி நோட் போதும், சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்புகிற மாதிரி (அதைவிடச் சுலபம், நம்மூரில் இ-வே பில்லாவது வேண்டும்). 2021 ஜனவரியில் அதே பெட்டி, அதே டீ-சர்ட், கழுத்துப் பட்டையில் 'மேட் இன் இந்தியா'. ஆக, இது பிரிட்டிஷ் பொருள் இல்லை, டப்ளினில் மறுபடி 12 சதவீதம் கட்டு என்றார்கள். இந்தப் பக்கம் ஒரு ஏற்றுமதி டிக்ளரேஷன், அந்தப் பக்கம் ஒரு இறக்குமதி டிக்ளரேஷன், இரண்டு பக்கமும் ஈஓஆர்ஐ எண் (சுங்கத் துறையில் வியாபாரியின் பதிவு எண்), கிளியரிங் ஏஜென்ட் கூலி வேறு. நாற்பது பெட்டி என்றால் தாங்கும், நாலு பெட்டிக்குத் தாங்குமா? கடைசியில் ஐரோப்பிய ஆர்டரை மட்டும் தனியாகப் பிரித்து, தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாக நேரே ராட்டர்டாமுக்கே அனுப்பச் சொல்லிவிட்டார். அங்கே ஒரு வாடகைக் கிடங்கு. லண்டன் கிடங்கில் ஆறு பேர் இருந்த இடத்தில் இப்போது நாலு பேர். கம்பெனி மூடவில்லை, திருப்பூர்க்காரருக்கும் நஷ்டமில்லை, எந்தப் பேப்பரிலும் இது செய்தி ஆகாது. ஆனால் போன இரண்டு வேலை போனதுதான்.

சீஸ், இறைச்சி என்றால் இன்னும் மோசம். ஒவ்வொரு சரக்குக்கும் அரசு அங்கீகரித்த கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ஒரே லாரியில் பத்து வியாபாரிகளின் சரக்கு போகும்போது ஒருத்தர் பாரத்தில் ஒரு தேதி தப்பினால் பத்து பேருடையதும் எல்லையில் நிற்கும், இதற்குப் பயந்தே சின்ன வியாபாரிகளில் பலர் ஐரோப்பா வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், பெரிய கம்பெனிகள் தனி ஆள் போட்டுச் சமாளிக்கின்றன. அதனால் ஏற்றுமதியின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு 'பாதிப்பே இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது. அயர்லாந்து லாரிகள் பழைய வழக்கப்படி இங்கிலாந்துக்குள் புகுந்து டோவர் வழியாகப் போவதைக் குறைத்துக்கொண்டு, 2021 ஜனவரியில் தொடங்கிய ரோஸ்லேர்–டன்கிர்க் கப்பலில் நேரே பிரான்ஸ் போகின்றன. பணம் போகும் பாதையே மாறிவிட்டது.

இதே விதி நம் வீட்டு சமையலறை வரைக்கும் வரும். லண்டனிலிருந்து காரில் பாரிஸ் போகும் அக்கா, அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பேலில் இருக்கும் தங்கைக்கு என்று ஒரு டப்பா நெய்யும் கொஞ்சம் பால்கோவாவும் எடுத்துப் போனால், பால் பொருள் என்று பிடுங்கிவிடலாம். ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர் இறைச்சியும் பால் பொருளும் கையில் கொண்டுவரக் கூடாது. 2021 ஜனவரியில் நெதர்லாந்து அதிகாரிகள் லாரி டிரைவரின் ஹாம் சாண்ட்விச்சைப் பறித்தது டிவியில் வந்து உலகமே சிரித்ததே, அதே விதிதான். எதிர்ப்பக்கமாக, ஐரோப்பாவிலிருந்து பிரிட்டனுக்குள் இவற்றைக் கொண்டுவரவும் 2025 ஏப்ரலில் தடை வந்தது. இதையும் பிரெக்சிட் தலையில் போட்டுப் பேசுகிறார்கள், அது ஐரோப்பாவில் கோமாரி நோய் பரவியதால் போட்ட தடை. அப்புறம், பாரிஸிலிருந்து பட்டுப்புடவையைப் பரிசாக அனுப்புகிறவர்கள் கவனிக்க: 39 பவுண்டுக்கு மேல் மதிப்பென்றால் வாங்குகிறவர் இங்கே வாட் வரி கட்ட வேண்டிவரும், கூரியர்காரர்கள் தங்கள் கூலியையும் சேர்ப்பார்கள்.

சரி, அந்த நாலு சதவீதம். "பிரிட்டன் பொருளாதாரம் 4 சதவீதம் சுருங்கிவிட்டது" என்று யூடியூபில் சொல்கிறார்கள். அரசின் கணக்கைத் தனித்து ஆராயும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் சொன்னது வேறு. உள்ளேயே இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய உற்பத்தித்திறனைவிட, நீண்ட காலத்தில் சுமார் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்பதுதான் அது. உங்கள் சம்பளம் 45 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரம் ஆகியிருக்கிறது, பழைய கம்பெனியிலேயே இருந்திருந்தால் 52 ஆயிரம் ஆகியிருக்கும், அந்த இரண்டாயிரத்தைத்தான் இங்கே பேசுகிறோம். கையிலிருந்து யாரும் பிடுங்காத பணம், அதனால் வலி தெரியாது, அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு வாதம் செய்ய முடிவதில்லை. இது மதிப்பீடுதான், இதை மறுக்கும் பொருளாதார நிபுணர்களும் இருக்கிறார்கள். என் மேஜையில் வந்து விழுகிற காகிதத்தைப் பார்த்தால், பெரிதாகத் தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விலைவாசியை முழுக்க பிரெக்சிட் கணக்கில் எழுதுவது அதே தவறின் மறுபக்கம். 2022 அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 சதவீதம். அதே மாதம் யூரோ நாடுகளில் 10.6. உக்ரைன் போரும் எரிவாயு விலையும் இரண்டு பக்கமும் அடித்தன. அதற்கு முந்தின மாதம் வீட்டுக் கடன் வட்டி தாறுமாறாக ஏறியதற்கு லிஸ் டிரஸ் அரசின் மினி பட்ஜெட்டைக் கேட்க வேண்டும். எந்த எண்ணைப் பார்த்தாலும் பக்கத்தில் பிரான்ஸ், ஜெர்மனி எண்ணையும் வைத்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

குடியேற்றத்தில் நடந்ததுதான் வேடிக்கை. ஆட்கள் வருவதைக் குறைக்க என்று சொல்லி வாக்களித்தவர்கள் ஏராளம். நடந்தது என்ன? போலந்து, ருமேனியாவிலிருந்து வருவது குறைந்து, இந்தியா, நைஜீரியாவிலிருந்து வருவது கூடி, 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் போனவர்களைக் கழித்த எண்) 9 லட்சத்தைத் தொட்டது. இதை 'பிரெக்சிட் நமக்கு விசா கொடுத்தது' என்று புரிந்துகொண்டவர்கள் நம்மூரில் நிறைய பேர். ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கான விசா விதி எப்போதுமே பிரிட்டன் கையில்தான் இருந்தது. 2021இல் ஐரோப்பியர்களின் வழியை அடைத்தபோது, ஆள் பற்றாக்குறைக்குப் பயந்து வேலை விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பள வரம்பை 30,000 பவுண்டிலிருந்து 25,600க்கு இறக்கினார்கள், 2022இல் முதியோர் பராமரிப்பு வேலைக்கும் திறந்துவிட்டார்கள். தன் கையால் திறந்த கதவைத் தன் கையாலேயே சாத்தவும் முடியும். 2024இல் வரம்பு 38,700 பவுண்ட், பராமரிப்பு ஊழியர்கள் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்றும் ஆனது, 2025இல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதே நின்றது. நடுவில் ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து வந்து, சொன்ன வேலை கிடைக்காமல் நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். இன்னும் 'கேர் விசா' என்று யாராவது பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

நம்மவர்களுக்கு நேரடியாகச் சுட்டது வேறொரு இடம். நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க்கில் தஞ்சம் பெற்று அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்த ஈழத் தமிழர்கள் பலர், பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், சொந்தபந்தம் பக்கத்தில் இருக்கட்டும் என்று லண்டனுக்கும் லெஸ்டருக்கும் வந்தார்கள். விசா தேவைப்படவில்லை. "என்னட்டை ஐரோப்பிய பாஸ்போர்ட் இருக்கு, எனக்கென்ன" என்று சும்மா இருந்ததுதான் தவறு. 2020 டிசம்பர் 31க்கு முன்பே இங்கே குடியிருந்தவர்களும் 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பித்துத் தங்கள் குடியிருப்பு உரிமையைப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது, நார்வே, சுவிஸ் பாஸ்போர்ட்காரர்கள் உட்பட. ஐரிஷ் பாஸ்போர்ட் மட்டும் விதிவிலக்கு. தவறவிட்டவர்கள் தகுந்த காரணம் காட்டித் தாமதமாக விண்ணப்பிக்க வழி இருக்கிறது, ஆனால் 2020 முடிந்த பிறகு புதிதாக வர நினைக்கும் டச்சு அண்ணனும் நம்மூர்த் தம்பியும் இப்போது ஒரே விசா வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையும் போய்விட்டது என்று அகதி வழக்கு நடத்துகிறவர்களே சிலர் நினைக்கிறார்கள். அது ஒன்றியத்தைச் சேர்ந்ததே அல்ல. அந்த உடன்படிக்கை வழக்குகளை விசாரிக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) என்ற வேறொரு அமைப்பினுடையது, பிரிட்டன் அதில் இன்னும் இருக்கிறது, சித்திரவதைக்கு எதிரான 3ஆம் பிரிவை இன்றைக்கும் வாதாடலாம். பிரெக்சிட்டோடு போனது டப்ளின் விதி, அதாவது முதலில் கால் வைத்த ஐரோப்பிய நாட்டுக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு.

'பிரிட்டன்காரர்கள் முடிவு செய்தார்கள்' என்று மொத்தமாகச் சொல்வதும் சரியில்லை. வெளியேறலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், ஒன்றியத்திலேயே இருக்கலாம் என்றவர்கள் 48.1. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் இருக்கலாம் என்றார்கள். வட அயர்லாந்திலும் இருக்கலாம் என்றவர்களே அதிகம், அதுபோக அங்கே ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்தோடு உள்ள தரை எல்லையில் சோதனைச் சாவடி போட்டால் 1998இல் வந்த சமாதானம் கெடும் என்பதால் சரக்குக்கு மட்டும் பெரும்பாலும் ஒன்றிய விதிகளே ஓடுகின்றன, சோதனை வட அயர்லாந்துக்கும் மீதிப் பிரிட்டனுக்கும் நடுவிலுள்ள கடலுக்கு நகர்ந்துவிட்டது.

லாபமே இல்லை என்று அடித்துச் சொல்வதையும் தவிர்க்கலாம். 2025இல் அமெரிக்கா வரி போட்டபோது பிரிட்டனுக்கு 10, ஒன்றியத்துக்குக் கடைசியில் 15. உள்ளே இருந்திருந்தால் 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு தனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கவும் முடியாது. திருப்பூர் துணிக்கு அது நிஜமாகவே நல்ல செய்தி. அளவு மட்டும் நினைவிருக்கட்டும்: அந்த ஒப்பந்தத்தால் நீண்ட காலத்தில் பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 4.8 பில்லியன் பவுண்ட் கிடைக்கும் என்பது பிரிட்டிஷ் அரசே போட்ட கணக்கு, பொருளாதாரத்தில் சுமார் 0.1 சதவீதம்.

2025 மே மாதம் லண்டனில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் உட்கார்ந்து பேசியதிலிருந்து "திரும்பச் சேரப் போறாங்க" என்று ஒரு பேச்சு. அங்கே ஒத்துக்கொண்டது, உணவு, தாவர, கால்நடைச் சுகாதார விதிகளில் ஓர் உடன்பாடு பேசலாம் என்பதையும் மீன்பிடி அனுமதியை 2038 வரை நீட்டுவதையும் இன்னும் சிலவற்றையும்தான். அந்த உடன்பாடு நடைமுறைக்கு வந்தால் சீஸ்காரருக்குக் கால்நடை மருத்துவர் கையெழுத்து தேவைப்படாது, நெய் டப்பாவுக்கும் ஒருவேளை விடிவு பிறக்கலாம். எங்கள் டீ-சர்ட் வியாபாரி போன வாரம் ஆபீஸுக்கு வந்து, அப்படியென்றால் ராட்டர்டாம் கிடங்கை விட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்றேன். சுங்க ஒன்றியத்தில், அதாவது ஒரு நாட்டில் வரி கட்டிய சரக்குக்கு மற்ற நாட்டில் மறுபடி கேட்காத ஏற்பாட்டில், பிரிட்டன் சேராத வரைக்கும் லண்டனிலிருந்து போகும் அவர் பெட்டிக்கு அந்த 12 சதவீதம் அப்படியேதான்.