வேலனை வில்லனாக்குங்கள், காதலை மந்திரமாக்காதீர்கள்: பால்புதுமை (குயர்) இளையோர் ஃபேண்டஸியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதிய நாவலின் கையெழுத்துப்படியை இந்த மழைக்காலத்தில் வாசித்தேன். பூண்டுத் தோட்டத்து வேலைக்குப் போகும் பதினேழு வயதுப் பெண்ணும், குதிரையில் மூட்டை ஏற்றிப்போகும் இன்னொருத்தியும் காதலிக்கிறார்கள். காட்டில் ஒரு தெய்வம் விழித்துக்கொள்கிறது. இருவரும் பூண்டு உரித்தபடி அதிகம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பக்கத்துக்காகவே அந்த நாவல் அச்சேற வேண்டும். ஆனால் அதிலும், முன்பு படித்த சில படிகளிலும், ஒரே மாதிரியான சறுக்கல்களைப் பார்த்தேன்.

பெரிய தவறு, காதலையே மந்திரத்தின் விளைவாக்குவது. தெய்வம் தொட்டதால்தான் அவளுக்கு இவள்மேல் ஆசை வந்தது என்று எழுதிவிட்டால், மந்திரம் முறியும்போது காதல் என்ன ஆகும்? காதல் நீடித்தால் மந்திரத்துக்குக் கதையில் வேலை இல்லை. போய்விட்டால் அது நோய் தீர்ந்த கதையாகிவிடும். சங்கக் காதல் பாடல்களின் அகமரபு இந்த முடிச்சை எப்போதோ அவிழ்த்துவிட்டது. குறிஞ்சித் திணையில் மகள் மெலிவதைப் பார்க்கும் தாய், முருகு அணங்கிவிட்டது, அதாவது முருகன் பிடித்துவிட்டான் என்று பயந்து, வேலன் என்கிற முருகன் பூசாரியை அழைப்பாள். வெறியாட்டு என்கிற சாமியாட்டம் நடக்கும், ஆடு பலியாகும். அவளுக்கு வந்தது காதல் என்பது தோழிக்குத் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும். தோழி வாய்திறந்து அந்த உண்மையைச் சொல்வதற்குப் பெயர் அறத்தொடு நிற்றல். வீட்டில் 'நான் இப்படித்தான்' என்று சொல்லும் காட்சிக்கு இதைவிட நல்ல விதை எங்கே கிடைக்கும்? பிள்ளையை 'மாற்ற' பூசாரியிடமும் மருத்துவரிடமும் இழுத்துப்போகும் வீடுகள் இன்றும் உண்டு. அப்படி மாற்ற முயலும் சிகிச்சை கூடாது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே மந்திரம் தாராளமாக இருக்கட்டும். அதை வேலன் கையில் கொடுங்கள்.

அடுத்தது, காதலர்களில் ஒருத்தியைக் கொல்வது. இந்தப் படியில் குதிரைக்காரப் பெண் ஊரைக் காக்க உயிரைக் கொடுக்கிறாள். கிளைக்கதையில் வரும் ஆணும் பெண்ணும் பிழைத்துக் கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். பலிக்கு இவள்தான் கிடைத்தாளா? தன்னைப் போன்றவர்களுக்கு வாய்ப்பது இந்த முடிவுதான் என்று படிக்கிற பதினைந்து வயதுப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். கதையில் யாருமே சாகக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மந்திரத்துக்கு ஒரு விலை உண்டென்றால், முதல் அத்தியாயத்திலிருந்தே எல்லாரும் அதைக் கொடுத்துவரட்டும்.

மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாகத் தெய்வம் உறங்கும் ஏரி என்று கொடைக்கானல் ஏரியை எழுதியிருந்தாள். அது 1863-ல் அணைகட்டி உண்டாக்கியது. ஆதிக்காடு என்று அவள் வர்ணித்த தைலமரமும் சீகை (வாட்டில்) மரமும் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தவை. பழைய தெய்வத்துக்குப் பழைய இடம் வேண்டும். புல்வெளி மடிப்புகளில் பாசி படர்ந்து நிற்கும் சோலைக்காடு இருக்கிறதே!

குறிஞ்சி ஆண்டுதோறும் பூப்பதாக எழுதியிருந்ததுதான் எனக்கு மனசு பொறுக்கவில்லை. எவ்வளவு பெரிய வாய்ப்பை நழுவவிட்டாள்! நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைவிட்டுச் செத்துப்போகும். 2006-ல் ஐந்து வயதில் அப்பா தோளிலிருந்து பூவைப் பார்த்தவள், 2018-ல் பதினேழு வயதில் தன் காதலியோடு பார்ப்பாள். மலை நீலமாக இருந்த அதே 2018-ல், செப்டம்பர் 6 அன்று, மனமொத்த, வயதுவந்த இருவரின் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை அந்த அளவுக்குச் செல்லாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாவலுக்குள் நீதிமன்றம் வரவே வேண்டாம், பூ போதும்.

மலைப் பழங்குடிகளான பளியரையோ குறும்பரையோ மந்திரம் சொல்லித்தந்துவிட்டு மறைகிற கிழவராக மட்டும் கொண்டுவராதீர்கள். நீலகிரியில் சூனியக்காரர் என்ற சந்தேகத்தின் பேரிலேயே குறும்பர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 'வித்தியாசமானவர்' என்று ஒதுக்கப்படுவதன் வலியை எழுத வந்தவர், இன்னொரு கூட்டத்தை அதே கண்ணால் பார்க்கலாமா? அந்தக் காதலியே ஒரு பளியர் வீட்டுப் பெண்ணாக, சொந்த ஆசைகளோடு இருக்கட்டும்.

கடைசியாக, பேச்சு. பால்புதுமையர், திருநம்பி (திருநர் ஆண்), ஊடுபால் (இன்டர்செக்ஸ்) போன்ற சொற்களை நாம் மரியாதையோடு புழங்க வேண்டும். 2022-ல் தமிழ்நாடு அரசும் இப்படியொரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஆனால் மாய உலகத்துப் பெண்கள் முத்தத்துக்கு முன் ஒருவருக்கொருவர் விளக்கவுரை நிகழ்த்த வேண்டியதில்லை. நான் சொன்ன அந்தப் பூண்டுப் பக்கத்தில் ஒருத்தி கையை முகர்ந்துவிட்டு, "நாளைக்கும் வருவியா?" என்று கேட்கிறாள். மற்றவள், "பூண்டு தீந்துபோச்சே" என்கிறாள். "தீரட்டும், நீ வா."