மூன்று மணித் தலைவலி

பதினொன்றாம் வகுப்பு தொடங்கிய ஜூனில் ஆரம்பித்தது. தினமும் மதியம் 3 மணிக்கு நெற்றியில் சுத்தியலால் அடிப்பது போல வலி. கண்ணைச் சோதித்துப் பார்த்தோம், பவர் இல்லை. அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணம், அதனால் ஒரு வாரம் அதையும் பிடுங்கி வைத்தார். வலி போகவில்லை.

கண்டுபிடித்தது பாட்டி. சாயங்காலம் என் ஒரு லிட்டர் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவது அவர் வேலை. "செடி தளதளன்னு இருக்கு, நீதான் வாடிப்போற" என்றார். உண்மைதான். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து நான் காலையிலிருந்து இரண்டு மடக்குக்கு மேல் குடிப்பதில்லை. சேலத்து வெயிலில் அது போதுமா? போதாததற்கு, பள்ளி விட்டதும் காரச் சட்னியோடு தட்டுவடை செட் வேறு. (அதை விடச் சொல்லாதீர்கள், விட மாட்டேன்.)

பாட்டிலில் இரண்டு ரப்பர் பேண்ட் மாட்டினேன். முதல் கோடு வரை இன்டர்வெலுக்குள், இரண்டாவது வரை சாப்பாட்டுக்குள். கழிப்பறைக்கு, மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே டீச்சரிடம் கேட்டுப் போய்விடுவேன். அப்போது கூட்டமும் இருக்காது, தரையும் ஓரளவு காய்ந்திருக்கும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தது நான்காம் நாள் வெளிர்மஞ்சளானது. பத்து நாளில் தலைவலி நின்றது. ஒரு பரீட்சை நாளில் குடிக்க மறந்தேன், சரியாக மூன்று மணிக்கு வந்து நின்றது.

கறிவேப்பிலைக்கு இப்போது பாட்டி தனியாகக் குடத்திலிருந்து ஊற்றுகிறார்.