திருகோணமலை வீட்டு அறையில் பாட்டுப் பதிவு: முதல் மைக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கோவில் திருவிழாவுக்குப் பக்திப் பாடல் பதிய வேண்டும், நன்றாகப் பாடுகிற தங்கச்சிக்கு யூடியூப்பில் ஒரு சேனல் தொடங்க வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாரும் முதலில் மைக்கின் பெயரைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் அறையைப் பற்றிக் கேட்பேன். கையில் இருக்கிற காசு கொஞ்சம் என்றால், எந்த மைக் என்று அந்த அறைதான் சொல்லும்.

படி 1: அறையைக் காது கொடுத்துக் கேளுங்கள்

பாடப்போகும் இடத்தில் போனை வைத்து, யன்னலைச் சாத்திவிட்டு, இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் பதிவு செய்யுங்கள். பிறகு ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். எங்கள் உப்புவெளிப் பக்கம் என்றால் கடல் இரைச்சல், காகம், பாட்டோடு வரும் பாண் ஆட்டோ, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் அதில் இருக்கும். மாரியில் தகரக் கூரை மேல் மழை விழுந்தால் சொல்லவே வேண்டாம்.

அதே பதிவை ஃபேனைப் போட்டும் ஒருமுறை எடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஃபேன் இல்லாமல் இரண்டு பாட்டுக்கு மேல் யாராலும் பாட முடியாது. கடைசியாக ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகும் சுவரில் ‘ணங்’ என்று ஒலி நின்றால், பாட்டிலும் அது நிற்கும்.

படி 2: டைனமிக்கா, கண்டென்சரா?

டைனமிக் மைக்கில் குரல் பட்டு அதிரும் தகட்டோடு ஒரு கம்பிச்சுருள் சேர்ந்து காந்தத்துக்குள் ஆடும். அதற்குத் தனி மின்சாரம் தேவையில்லை. கண்டென்சரில் மிக மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். சின்ன மூச்சைக்கூட அது பிடிக்கும். பெரும்பாலானவற்றுக்கு ஃபேண்டம் பவர், அதாவது மைக் வயர் வழியாகவே போகும் 48 வோல்ட் மின்சாரம், கொடுக்க வேண்டும்.

டைனமிக் மைக்குக்குத் தூரத்துச் சத்தம் கேட்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதை வாயருகே வைத்துப் பாடுகிறோம், அதனால் குரல் பெரிதாகவும் மற்றதெல்லாம் சிறிதாகவும் விழுகிறது.

நான் முதலில் வாங்கியது கண்டென்சர். ஒரு பெரியவர் பாடிய தேவாரத்தைப் பகலில் பதிந்தேன். குரல் அவ்வளவு அழகாக வந்தது. ஆனால் ஒரு அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடைவெளிகளில் எல்லாம் ஃபேனும் காகமும் தெளிவாகக் கேட்டன. அந்த வயதில் அவரை இரவு பதினொரு மணிக்கு மேல் திரும்ப வரச்சொல்லிப் பதிய வேண்டியதாகிவிட்டது. அது இன்றுவரை மனதை உறுத்துகிறது. அதனால்தான் சொல்கிறேன்: அறை சத்தமானது என்றால் டைனமிக்கையே வாங்குங்கள். அமைதியான, துணிமணி நிறைந்த அறை இருந்தால் மட்டும் கண்டென்சருக்குப் போங்கள்.

படி 3: எந்த மைக்?

ஷூர் எஸ்.எம்.58 என்பது 1966 முதல் விற்பனையில் இருக்கும் டைனமிக் மைக். 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். பாட்டுக் குரலுக்கு இது தாராளம். இதற்குப் போலிகள் அதிகம், ஆகவே விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். அதைவிட மலிவாக வேண்டுமென்றால் பெஹ்ரிங்கர் எக்ஸ்.எம்.8500 இருக்கிறது. கண்டென்சரில் ஓடியோ டெக்னிக்கா ஏ.டி.2020 தொடக்கத்துக்கு நல்லது.

வீடியோக்களில் அடிக்கடி தெரியும் எஸ்.எம்.7பி மைக்கை முதல் மைக்காக வாங்காதீர்கள். அதற்கு 60 டெசிபல் அளவுக்குக் கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டிதான் இன்டர்ஃபேஸ். மலிவான இன்டர்ஃபேஸ்கள் பலவற்றால் அதை இரைச்சல் இல்லாமல் கொடுக்க முடியாது.

முழுக் காசையும் மைக்கில் போட்டுவிடவும் கூடாது. இன்டர்ஃபேஸ், அதோடு மைக்கை இணைக்கும் எக்ஸ்.எல்.ஆர் வயர், ஸ்டாண்ட், வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டர் இவற்றுக்கும் ஒதுக்குங்கள். கணினியில் நேராகச் செருகும் யூ.எஸ்.பி மைக் ஒருவர் பாட மட்டும் போதும். நாளைக்கு மிருதங்கத்துக்கு இன்னொரு மைக் சேர்க்க நினைத்தால் அது சிக்கல்.

படி 4: வைத்துப் பாருங்கள்

மேலே வாங்கச் சொன்ன மூன்று மைக்குகளும் முன்பக்கக் குரலை அதிகமாகவும் பின்பக்கத்தைக் குறைவாகவும் எடுப்பவை. எனவே மைக்கின் பின்பக்கம் யன்னலைப் பார்க்கட்டும். பாடுபவர் யன்னலைப் பார்த்து நிற்பார். அவர் முதுகுக்குப் பின்னால் தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். மைக் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான், எதிரொலியும் அங்கிருந்துதான் வரும்.

டைனமிக் என்றால் நாலு விரல் தூரம் விட்டு, “பட்டுப் பாவாடை பறக்கப் பறக்க” என்று சொல்லிப் பாருங்கள். ‘ப’ வெடித்தால் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள். மிகவும் நெருங்கினால் குரலில் கனம் கூடும். மெல்லிய குரலுக்கு அது நல்லது, கட்டைக் குரலுக்கு மந்தமாகிவிடும். உச்சத்தில் பாடும்போது அளவுமானி −6 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வையுங்கள்.

படி 5: உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்

கடலோரத்தில் இருக்கும் நாம் இதைத் தவிர்க்கவே முடியாது. ஈரம் ஏறிய கண்டென்சர் ‘சரசர’ என்று சத்தம் போடும். பாடி முடித்ததும் அதை ஸ்டாண்டில் விட்டுவிடாமல், இறுக்கமாக மூடும் சாப்பாட்டு டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். எஸ்.எம்.58ன் தலைக்கூட்டைத் திருகிக் கழற்றலாம். அதையும் உள்ளே இருக்கும் பஞ்சையும் தண்ணீரில் கழுவி, ஒரு முழு நாள் நிழலில் காயவைத்து, துளி ஈரமும் இல்லை என்று தெரிந்த பிறகே திரும்பப் பூட்டுங்கள்.