அடுப்போரம் மட்டையை வைக்காதீர்கள்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பதினொரு பேர் காசு போட்டு வாங்கிய முதல் கடினபந்து கிரிக்கெட் மட்டை நாலு ஞாயிற்றுக்கிழமைதான் தாங்கியது. நாலாவது ஞாயிறு நல்ல மழை. சொட்டச் சொட்ட நனைந்த மட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்கு மேலே, விறகு காயப்போடும் அட்டலில் வைத்தேன். விடியற்காலையில் அம்மா ரொட்டி தட்ட எழும்பியபோது டப்பென்று ஒரு சத்தம் கேட்டதாம். போய்ப் பார்த்தால் தரையில் படுகிற அடி நுனியிலிருந்து பாதிப் பலகை வரைக்கும் பிளவு. மற்றப் பத்துப் பேருக்கும் பதில் சொல்ல முடியாமல் ஒரு வாரம், வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடுகிற பிரட்டுக்களத்துப் பக்கமே நான் போகவில்லை.

அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தவர். மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொழுந்தையே நாங்க எடுத்த எடுப்புல சூட்டில போடுறதில்ல. மொதல்ல காத்துல வாட்டணும். நீ மரத்தைக் கொண்டுபோய் நெருப்புல வச்சிருக்க" என்றார். அன்றைக்குத் திட்டாகத் தெரிந்தது. மட்டைப் பராமரிப்பில் பாதி அதுதான் என்று பிறகு புரிந்தது.

மட்டை செய்வது வில்லோ மரத்தில். நார் நீளவாக்கில் ஓடும். பந்தை அடிக்கிற முகத்தில் பட்ட தண்ணீர் உள்ளே போக நேரமெடுக்கும். ஆனால் நுனியில் அந்த நார்களின் வாய் எல்லாம் திறந்தே இருக்கின்றன, கட்டி வைத்த வைக்கோலின் வெட்டுமுனை மாதிரி. ஈரத்தரையில் மட்டையைத் தட்டிக்கொண்டு நின்றாலே போதும், குடித்துவிடும். குடித்தால் நுனி உப்பும். அதைச் சூட்டில் வைத்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து சுருங்கும், உட்புறம் ஈரமாகவே கிடக்கும். அந்த இழுபறியில்தான் வெடிக்கிறது.

அதனால் மே தொடக்கம் செப்டெம்பர் வரை, தென்மேல் மழைக் காலத்தில், எங்கள் பக்கம் எண்ணெய்ப் போத்தலைவிடப் பழைய பருத்தித் துணிக்குத்தான் வேலை அதிகம். ஆட்டம் முடிந்த கையோடு துடையுங்கள். ஈர ஜேர்சியோடு சேர்த்துப் பைக்குள் திணிக்க வேண்டாம். வீட்டில் காற்றோட்டமுள்ள இடத்தில் படுக்கவைத்து இரண்டு நாள் விடுங்கள். சிமெந்துத் தரையில் நுனி படும்படி சாய்த்து வைத்தால் தரையின் குளிர் ஈரம் ஏறும். தகரக் கூரைக்கு நெருக்கமாகச் செருகி வைத்தால் பகலில் வேகும், இரவில் பனிக்கும். என் மட்டை உள் காம்பராவில் (அறையில்), அடுப்புச் சுவருக்கு எதிர்ப்பக்கம், இரண்டு ஆணிமேல் படுத்திருக்கும்.

சரி, எண்ணெய். காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெய்தான் வேண்டும். ஹாட்வெயாரில் பெயின்ட்டுக்காக விற்கும் 'பொயில்ட்' வகை வேண்டாம். சீக்கிரம் காய்வதற்கு அதில் வேறு சாமான் கலந்திருக்கும், மேலே தோல் மாதிரி இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் போடுகிற ஆட்களும் உண்டு. இங்கே காலையில் அது போத்தலுக்குள்ளேயே வெள்ளையாக உறைந்து கிடக்கிறது, மரத்துக்குள் எப்படி இறங்கும்?

புது மட்டைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் துணியில் தொட்டு முகம், விளிம்பு, நுனி, பின்பக்கம் என்று மெல்லிசாகத் தடவுங்கள். கைபிடி பலகைக்குள் ஆப்பு மாதிரி இறங்கும் பொருத்து இருக்கிறதே, அங்கே மட்டும் படக்கூடாது. ஒட்டுப் பசை இளகிப்போகும். ஸ்டிக்கர் மேலும் வேண்டாம். முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்து ஒரு நாள் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை. இரண்டு, மூன்று தடவை போதும். பனிமூட்டம் இறங்கிய நாட்களில் இடையில் இரண்டு நாள் விடுங்கள். கூடப் போட்டால் மட்டை பாரமாகிச் செத்த சத்தம் கொடுக்கும். அப்புறம் ஆட்டங்கள் தொடங்குமுன் ஒரு தடவை, ஜனவரி பெப்ரவரி வறண்ட குளிரில் ஒரு தடவை. நனைந்த மட்டைக்குமேல் மட்டும் போடாதீர்கள், ஈரம் உள்ளே அடைபட்டுவிடும். முகத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி வந்த மட்டையென்றால் மூடாத இடங்களுக்கு மட்டும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்து. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

அடுத்தது தட்டிப் பதப்படுத்துவது. இங்கேதான் எல்லாரும் ஏய்க்கிறார்கள். எங்களிடமுள்ள கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல், மறுநடவுக்காகப் பிடுங்கிப்போட்ட பழைய தேயிலை மரத்தின் அடிக்கட்டையில் செய்தது. தேயிலைக் கட்டை இரும்பு மாதிரி. முனையை உருண்டையாக்கி அரத்தாளால் நன்றாக மழித்திருக்கிறோம். அது கிடைக்காவிட்டால் பழைய லெதர் பந்தைக் காலுறைக்குள் போட்டுக் கட்டித் தட்டலாம். முதல் அரை மணி, தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. போகப் போகத்தான் பலம். பந்து படுகிற இடத்தில் அதிகம், விளிம்பில் சரிவாக, கூர்மை மழுங்கி உருளும்படி. விளிம்பை நேர் பக்கவாட்டிலும் நுனியின் அடியிலும் அடிக்கக்கூடாது. பதினைந்து நிமிஷம் பதினைந்து நிமிஷமாக மொத்தம் ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். காஷ்மீர் வில்லோ கொஞ்சம் கடினம், இன்னும் பொறுமை வேண்டும்.

வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கிற லயத்தில் இதைச் செய்தால் நடுச்சுவர் மெல்லிசு. மூன்றாம் நாள் அந்தப் பக்கத்திலிருந்து அம்மாயி, "யே தம்பி, உரல்ல என்னடா இடிக்கிற, எங்களுக்கும் ரெண்டு புடி குடேன்" என்று கேட்டது. அதற்குப் பிறகு பிரட்டுக்களத்துப் படியில்தான் தட்டுகிறேன். கண்டியில் பிறந்த முரளிதரன் 800 விக்கெட் எடுத்ததிலிருந்து எங்கள் பொடியன்கள் எல்லாருக்கும் பந்து போடத்தான் ஆசை. தட்டுகிற வேலைக்கு ஒருத்தனும் வரமாட்டான்.

தட்டி முடித்ததும் பழைய பந்தை மெதுவாகப் போடச் சொல்லி அடித்துப் பாருங்கள். தையல் தடம் பள்ளமாக விழுந்தால் மட்டை இன்னும் தயாரில்லை, திரும்பக் கொட்டாப்புளிதான்.

நுனிக்கு றப்பர் கட்டாயம். கொங்கிரீட் மேல் பாய் விரித்த பிட்ச்சில் ஆடுகிற எங்களுக்கு இன்னும் கட்டாயம். பழைய த்ரீவீலர் டியூபை நுனியின் அளவுக்கு வெட்டி, காய்ந்த மரத்தில் ஒட்டுப்பசை போட்டு ஒட்டுவோம். விதிப்படி நுனியில் ஒட்டுவது 3 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, டியூப் அதற்குள் அடங்கும். முகத்தில் ஒட்டும் தாளுக்கு எல்லை 1 மில்லிமீற்றர். கைபிடியின் றப்பர் உறை, அதாவது கிரிப், தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். கிரிப் ஏற்றுகிற கூம்பு இல்லாவிட்டால் கைபிடியில் சொப்பிங் பேக்கைச் சுற்றிப் பவுடர் போட்டால் புதுக் கிரிப் வழுக்கிக்கொண்டு இறங்கும். பிறகு பேக்கை உருவிவிடலாம்.

முகத்தில் மயிரிழைக் கோடுகள் வந்தால் பயப்பட வேண்டாம், ஆடிய மட்டைக்கு அது வரும். விளிம்பில் சிலாம்பு தூக்கினால் பிய்க்காதீர்கள். மரப்பசையை உள்ளே விட்டு, டியூப் பட்டியால் இறுக்கிச் சுற்றி ஒரு இரவு விட்டு, அரத்தாளால் தேய்த்து ஃபைபர் டேப் ஒட்டுங்கள். வெடிப்பு கைபிடிப் பொருத்துக்குள் போயிருந்தால் பசைக்குச் செலவழிக்க வேண்டாம்.

எங்கள் முதல் மட்டைக்கும் பசை பிடிக்கவில்லை. அப்பா பிளந்த பாதியை வாளால் அறுத்து ஓரம் இழைத்துக் கொடுத்தார். தம்பி இரண்டு வருஷம் வீட்டு முன் இஸ்தோப்பில் (திண்ணையில்) டென்னிஸ் பந்து அடித்தான்.